சேர்க்கை நாளில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்
மருத்துவமனைக் குழந்தைகளின் ஊட்டநிலை முன்னாய்வும் கேம்பல் பே போன்ற தீவுப் பகுதிகளும்

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்காகவே பெரும்பாலான குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். நோயின் பெயர் நோயாளிக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதப்படுகிறது. குழந்தையின் எடையும் எழுதப்படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் மருந்தின் அளவைக் கணக்கிடுவதற்காகவே எழுதப்படுகிறது. மருந்தின் அளவு தெரிந்தவுடன் அந்த எண்ணின் பணி முடிந்துவிடுகிறது. அந்த எடை சென்ற மாதத்தைவிடக் கூடியதா, குறைந்ததா, குழந்தை கடந்த மூன்று நாட்களில் என்ன உண்டது, இனி வரும் மூன்று நாட்களில் என்ன உண்ணப் போகிறது என்பன போன்ற வினாக்கள் எழுவதில்லை. நோய் நீங்கி வீடு திரும்பும் குழந்தை, வந்தபோது இருந்ததைவிட மெலிந்து திரும்புவதற்கு இதுவே தொடக்கமாகிறது.

நகரத்திலுள்ள பெரிய மருத்துவமனையில் இக்குறையை மறுவாரம் சரிசெய்துகொள்ள ஓரளவு வாய்ப்புண்டு. நாட்டின் தென்கோடித் தீவில் அத்தகைய வாய்ப்பு அரிது. ஆகவேதான் மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு குழந்தையையும் சேர்க்கை நாளிலேயே ஊட்டநிலை நோக்கில் முன்னாய்வு செய்தல் என்னும் எளிய முறை, கேம்பல் பே போன்ற இடங்களில் தனிச் சிறப்புப் பெறுகிறது.

தீவும் மக்களும்

கேம்பல் பே, பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் அமைந்த ஊர். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலிருந்து வந்த அக்குடும்பங்கள் கோவிந்த நகர், ஜோகிந்தர் நகர், விஜய நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் எனக் கரையோரமாகக் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டன. நிக்கோபாரி மக்களும் ஷோம்பென் மக்களும் தீவின் தொல்குடியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவின் மொத்த மக்கள் ஏறத்தாழ எட்டாயிரம் பேரே.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இத்தீவைக் கடுமையாகத் தாக்கியது. தென்முனையான இந்திரா முனையில் நிலமே தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல்நீரில் நின்றது. கரையோரக் குடியிருப்புகளும் தென்னந்தோப்புகளும் அழிந்தன. தேங்காய், தாழைப்பழம், மீன், பன்றி இறைச்சி ஆகியவற்றைக் கொண்டு வாழ்ந்த நிக்கோபாரிக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. கப்பலில் வரும் அரிசி, பருப்பு முதலிய பண்டங்களைச் சார்ந்து வாழும் நிலை முன்னிலும் மிகுந்தது.

கேம்பல் பேயில் ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு கார் நிக்கோபாரில் உள்ள பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையையோ, போர்ட் பிளேரில் உள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையையோ நாட வேண்டும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர், கேம்பல் பேயிலிருந்து கடல்வழியே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சுமத்திராவோ அதைவிட மிகக் குறைந்த தொலைவில் உள்ளது. தலைநகருக்குச் செல்ல கப்பலும் ஹெலிகாப்டருமே வழி. மழைக்காலக் கடல் இவ்விரண்டையும் தடுத்து நிறுத்துவதுண்டு. ஆகவே ஒரு குழந்தையை இங்கேயே வைத்துப் பேணலாமா, மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்னும் முடிவு, குழந்தை சோர்ந்து வீழ்ந்த பின்னர் எடுக்கத்தக்கதன்று; போக்குவரத்துக்கு வாய்ப்பிருக்கும்போதே எடுக்கப்பட வேண்டியதாகும்.

நோயும் பசியும்

நோய்க்கும் ஊட்டக் குறைவுக்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது. ஊட்டம் குறைந்த உடல் தொற்றினை எதிர்க்கும் ஆற்றலை இழக்கிறது. தொற்று கண்ட உடலோ பசியை இழக்கிறது; உண்ட உணவையும் வயிற்றுப்போக்கினால் இழக்கிறது; காய்ச்சலின் பொருட்டு மிகுதியான ஆற்றலைச் செலவிடுகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழலில் சிக்கிய குழந்தை, அம்மை, நிமோனியா போன்ற நோய்களால் இறக்கும்போது இறப்புச் சான்றில் நோயின் பெயரே இடம்பெறுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புகளுள் ஏறத்தாழ பாதி ஊட்டக் குறைவுடன் தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19.3 விழுக்காட்டினர் உயரத்துக்கு ஏற்ற எடையில்லாதவர்கள், மொத்தக் குழந்தைகளில் 7.7 விழுக்காட்டினர் கடுமையாக மெலிந்தவர்கள்.

தமிழில் ‘சவலை’ என்னும் சொல் உண்டு. அடுத்த குழந்தை வயிற்றில் உருவானதால் தாய்ப்பாலை இழந்து மெலியும் குழந்தையைக் கிராமத்தார் அவ்வாறு அழைப்பர். 1930-களில், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டில் பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், உடல் வீங்கித் தோல் உரிந்து வாடிய குழந்தைகளைக் கண்டார். அந்நோய்க்கு அவ்வூர்த் தாய்மார் வழங்கிய பெயரையே மருத்துவ உலகுக்கு அளித்தார். ‘குவாஷியார்கர்’ என்னும் அப்பெயரும் இளைய குழந்தையின் வரவால் இடமிழந்த மூத்த குழந்தையின் நோயையே குறிக்கிறது. கடல்கள் பிரித்த இரு நாடுகளின் தாய்மார் ஒரே உண்மையைக் கண்டு பெயரிட்டிருப்பது நோக்கத்தக்கது. நோயின் தொடக்கம் குழந்தையின் உடலில் மட்டுமன்றி, வீட்டில் நிகழ்ந்த மாற்றத்திலும் உள்ளது என்பதே அவ்வுண்மை. எனவே முன்னாய்வு என்பது அளந்து பார்ப்பதோடு நில்லாது, கேட்டறிவதையும் உள்ளடக்கியதாக இருத்தல் வேண்டும்.

அளவீட்டின் வரலாறு

மருத்துவமனைக் குழந்தைகளின் எடைக்கும் அவர்கள் பிழைப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோருள் மெக்சிகோ நகரக் குழந்தை மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஃபெடரிகோ கோமெஸ் குறிப்பிடத்தக்கவர். வயதுக்குரிய எடையில் எத்தனை விழுக்காடு உள்ளது என்பதை வைத்து அவர் குழந்தைகளை மூன்று படிகளாகப் பிரித்தார். எடை குறையக் குறைய இறப்பு மிகுவதை அவருடைய குழுவினர் 1956-இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. இந்தியாவில் 1972-இல் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் வகுத்த நான்கு படிநிலைகளும் வயதுக்குரிய எடையையே அடிப்படையாகக் கொண்டவை.

எடைக் கருவி இல்லாத இடங்களுக்கு வேறொரு வழி காணப்பட்டது. ஈராக்கைச் சேர்ந்த டாக்டர் அட்னான் ஷாகிரும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் டேவிட் மார்லியும் 1974-இல் மூவண்ணக் கைப்பட்டையை அறிமுகப்படுத்தினர். பழைய எக்ஸ்-ரே தாளிலிருந்துகூட வெட்டிக்கொள்ளத்தக்க அப்பட்டையைக் குழந்தையின் மேற்கையில் சுற்றினால், சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்பதை எழுத்தறியாதாரும் கூற முடியும். இன்று அங்கன்வாடிகளில் பயன்படும் கைப்பட்டை இதன் வழிவந்ததே. 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சித் தரங்கள் பழைய அட்டவணைகளுக்கு மாற்றாயின. அவற்றை உருவாக்க ஆராயப்பட்ட ஆறு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இதே 1974-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த் மற்றோர் உண்மையை வெளிக்கொணர்ந்தார். செல்வம் மிகுந்த நாட்டின் மருத்துவமனைகளிலேயே, நோயாளிகள் உள்ளே வந்த பின்னர் ஊட்டம் குன்றுகின்றனர் என்பதே அது. சோதனைக்காக உணவு நிறுத்தப்படுகிறது. உண்ணாத தட்டு எவர் கண்ணிலும் படாமல் திரும்புகிறது. எடை மீண்டும் பார்க்கப்படுவதில்லை. இவ்வாறு ஊட்டக் குறைவு மருத்துவமனைக்கு வெளியே மட்டுமன்றி உள்ளேயும் உண்டாகக்கூடியது என்ற எண்ணத்திலிருந்தே முன்னாய்வு முறைகள் தோன்றின.

அளவீட்டுக்கும் முன்னாய்வுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை இன்று எந்நிலையில் உள்ளது என்பதை அளவீடு காட்டுகிறது. இந்நோயின் போக்கில் அது எந்நிலைக்குத் தள்ளப்படக்கூடும் என்பதை முன்னாய்வு காட்டுகிறது. முன்னது நின்ற இடத்தையும் பின்னது செல்லும் திசையையும் கூறுகின்றன எனலாம்.

நான்கு கேள்விகள்

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பல முன்னாய்வு முறைகள் உள்ளன. குழந்தைகளுக்கென இங்கிலாந்தில் ‘ஸ்டாம்ப்’ என்னும் முறையும், ஸ்காட்லாந்தில் ‘பிம்ஸ்’ என்னும் முறையும் வகுக்கப்பட்டன. நெதர்லாந்தில் ஜெசி ஹுல்ஸ்ட் என்பவரும் அவர் குழுவினரும் 44 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராங்கிட்ஸ்’ என்னும் முறை இவற்றுள் மிக எளியது. ஒரு மாதம் முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு இது பொருந்தும். இதற்கு அட்டவணையோ கணக்கீடோ தேவையில்லை. கேள்விகள் நான்கு, மொத்த மதிப்பெண் ஐந்து.

1. பார்த்த அளவில் குழந்தை மெலிந்துள்ளதா? தோலடிக் கொழுப்போ தசையோ குறைந்து, முகம் ஒட்டிக் காணப்பட்டால் ஒரு மதிப்பெண்.

2. ஊட்டத்தை வெகுவாகக் குறைக்கும் நோய் ஏதேனும் உள்ளதா? நாட்பட்ட இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய், புற்றுநோய், தீக்காயம், குறைமாதப் பிறப்பு, எதிர்நோக்கும் பெரிய அறுவை சிகிச்சை முதலியன இவ்வகையின. இருப்பின் இரண்டு மதிப்பெண்கள்.

3. உணவு உட்செல்வது குறைந்துள்ளதா, அல்லது இழப்பு மிகுந்துள்ளதா? அண்மைய நாட்களில் நாளொன்றுக்கு ஐந்து முறைக்குக் குறையாத வயிற்றுப்போக்கு, மூன்று முறைக்கு மேற்பட்ட வாந்தி, உண்ணும் அளவில் குறைவு, வலியினால் உண்ண இயலாமை, முன்னரே சிறப்பு உணவு பரிந்துரைக்கப்பட்டிருத்தல் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் ஒரு மதிப்பெண்.

4. அண்மைய வாரங்களில் அல்லது மாதங்களில் எடை குறைந்துள்ளதா? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் எடை கூடாதிருத்தலும் இதில் அடங்கும். ஆம் எனில் ஒரு மதிப்பெண்.

மதிப்பெண் இல்லையெனில் இடர் குறைவு. ஒன்று முதல் மூன்று வரை நடுத்தரம். நான்கும் ஐந்தும் மிகுதி. நெதர்லாந்து ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் 62 விழுக்காட்டினர் நடுத்தர அல்லது மிகுந்த இடரில் இருந்தனர். மிகுந்த இடருடையோர் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் மிகுதியாயிருந்தன. வறுமை குறைந்த நாட்டிலேயே நிலை இதுவாயின், ஏனைய இடங்களில் இவ்வினாக்களைக் கேளாதிருப்பதற்குக் காரணம் ஏதும் கூற இயலாது.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

முறையை விளக்கும் பொருட்டு இரண்டு கற்பனை நிலைமைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பதினெட்டு மாதப் பெண் குழந்தை. நான்கு நாட்களாக வயிற்றுப்போக்கு. நாளொன்றுக்கு ஆறு முறை. நீரிழப்பு சரிசெய்யப்பட்ட பின் எடை 8.4 கிலோ. இவ்வயதுப் பெண் குழந்தைக்கு உலகத் தரத்தின் இடைநிலை எடை 10.2 கிலோ, எடைக்குறைவின் எல்லையான இரண்டு திட்ட விலக்கக் கீழ்வரம்பு 8.1 கிலோ. மேற்கைச் சுற்றளவு 128 மில்லிமீட்டர். எச்சரிக்கை எல்லையோ 125. எனவே அளவீட்டின்படி குறையேதுமில்லை. ஆனால் தாய் கொண்டுவந்த தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் சென்ற மாத எடை 8.9 கிலோ எனக் காணப்படுகிறது. மூன்றாம் வினாவுக்கு ஒன்று, நான்காம் வினாவுக்கு ஒன்று என மதிப்பெண் இரண்டாகிறது. அளவுநாடாவும் அட்டவணையும் பச்சை வண்ணம் காட்டிய குழந்தை, ஒரு மாதத்தில் அரைக் கிலோ இழந்து சரிவில் இறங்கிக்கொண்டிருப்பது அப்போதே தெரியவருகிறது.

இரண்டாவது, பிறவி இதய நோயுள்ள நான்கு வயது ஆண் குழந்தை, நிமோனியாவுக்காகச் சேர்க்கப்படுகிறது. முகம் ஒட்டியுள்ளது: ஒன்று. நாட்பட்ட இதய நோய்: இரண்டு. மூச்சிரைப்பினால் உண்பது குறைந்துள்ளது: ஒன்று. மதிப்பெண் நான்கு, இடர் மிகுதி. காய்ச்சல் தணியும் வரை காத்திராமல், முதல்நாளே மேல்மருத்துவமனையுடன் தொடர்புகொள்ள வேண்டிய குழந்தை இது.

முறையின் எல்லை

இம்முறை ஐரோப்பிய மருத்துவமனைகளில் உருவானது என்பதை மறத்தலாகாது. அங்கே ஊட்டம் குன்றும் குழந்தைக்குப் பெரும்பாலும் நாட்பட்ட நோய் ஒன்று அடிப்படையாக உள்ளது. நம் நாட்டிலோ வேறு நோயேதுமின்றி, உணவுக் குறைவினாலும் அடுத்தடுத்த தொற்றினாலும் எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தையைக் காண்கிறோம். அக்குழந்தைக்கு இரண்டாம் வினாவில் மதிப்பெண் கிடைப்பதில்லை. ஏனைய மூன்றிலும் ‘ஆம்’ என்றாலும் மொத்தம் மூன்றே. ‘நடுத்தரம்’ என்னும் வகையிலேயே அது அடங்கும். உயிருக்குப் போராடும் குழந்தையை நடுத்தர வகையில் சேர்த்து ஒதுக்கிவிடும் இடர் இதில் உள்ளது.

ஆகவே நம் மருத்துவமனைகளில் நான்கு கேள்விகளோடு மூன்று பரிசோதனைகளும் இணைந்தே நிகழ வேண்டும். அவை: மேற்கைச் சுற்றளவு, உயரத்துக்குரிய எடை, இரு பாதங்களிலும் அழுத்தினால் குழிவிழும் வீக்கம். மத்திய சுகாதார, குடும்பநல அமைச்சகம் 2011-இல் வெளியிட்ட ஊட்டநலச் சீரமைப்பு மையங்களுக்கான வழிகாட்டு நெறிகளின்படி, ஆறு முதல் ஐம்பத்தொன்பது மாதக் குழந்தைக்குச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைதல், உயரத்துக்குரிய எடை மூன்று திட்ட விலக்கக் கீழ்வரம்புக்கும் குறைதல், இருபாத வீக்கம் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலே அது கடுமையான ஊட்டக் குறைவாகும். இவற்றுள் ஒன்று காணப்பட்டால், முன்னாய்வு மதிப்பெண் எதுவாயினும் குழந்தை மிகுந்த இடருடையதாகவே கொள்ளப்பட வேண்டும்.

வீக்கம் உள்ள குழந்தையிடம் எடை ஏமாற்றும் என்பதும் மாணவர் மனங்கொள்ளத்தக்கது. உடலில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டும். நீரிழப்புற்ற குழந்தையிடமோ எடை குறைந்து காட்டும். இவ்விரு நிலைகளிலும் மேற்கைச் சுற்றளவு ஓரளவு நம்பத்தக்க துணையாகிறது.

அறிந்த பின் செய்ய வேண்டுவன

முன்னாய்வின் பயன் அதனைத் தொடரும் செயலில்தான் உள்ளது. இடர் குறைந்த குழந்தையின் எடையை முறையாகப் பார்த்து, ஒரு வாரத்துக்குப் பின்னும் மருத்துவமனையில் இருப்பின் மீண்டும் ஆராய வேண்டும். நடுத்தர இடருடைய குழந்தைக்கு வாரம் இருமுறை எடை பார்த்து, உணவை மருந்தைப் போலவே எழுதி அளிக்க வேண்டும்: எத்தனை வேளை, என்ன உணவு, எவ்வளவு உண்டது, எவ்வளவு எஞ்சியது. மிகுந்த இடருடைய குழந்தைக்கு மருத்துவரும் உணவியலாளரும் அன்றே கலந்து தனித் திட்டம் வகுக்க வேண்டும். உணவியலாளர் இல்லாத நிலையத்தில் தொலைபேசி வழியே மாவட்ட மருத்துவமனையின் ஆலோசனை பெறலாம்.

கடுமையான ஊட்டக் குறைவுள்ள குழந்தையைப் பொறுத்தவரை முன்னாய்வு மற்றொரு வகையிலும் உயிர்காக்கிறது. பிற குழந்தைகளுக்கு நன்மை தரும் சிகிச்சைகள் சில இக்குழந்தைக்குத் தீங்காக முடியும். மிகுந்த அளவில் விரைவாக ஏற்றப்படும் சிரைவழி நீர், வலுவிழந்த இதயத்தைத் திணறச் செய்யும். தொடக்க நாட்களில் தரப்படும் இரும்புச்சத்து தொற்றினை வலுப்படுத்தக்கூடும். மெலிந்த குழந்தை என்னும் இரக்கத்தால் முதல்நாளே மிகுதியாக ஊட்டுவதும் ஆபத்தே. எனவே முதலில் 100 மில்லிலிட்டரில் 75 கிலோகலோரி உள்ள தொடக்கப் பாலுணவைச் சிறிது சிறிதாக, இரவிலும் இடைவிடாமல் அளித்து, உடல் நிலைபெற்ற பின்னரே 100 கிலோகலோரி உள்ள உணவுக்கு மாற வேண்டும். இரத்தச் சர்க்கரை 54 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்காமலும், உடல் குளிர்ந்துவிடாமலும் காத்தல் முதற்கடமை. குழந்தை எந்த வகையினது என்பதைச் சேர்க்கை நேரத்தில் அறியாதவர் இவ்வேறுபாட்டைக் கடைப்பிடிக்க இயலாது.

சிறிய நிலையத்தில் நடைமுறை

சிறிய சுகாதார நிலையத்தில் இம்முறையை நடைமுறைப்படுத்துவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. எனினும் நான்கு செய்திகளில் கவனம் வேண்டும்.

முதலாவது, கருவி. எடைக் கருவியை அறிந்த எடையொன்றை வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் கருவிகளை விரைவில் பழுதாக்குவன. குழந்தையின் கனத்த ஆடைகளைக் களைந்து, அதே கருவியில், அதே வேளையில் எடையிட வேண்டும். மேற்கைச் சுற்றளவை இடக்கையில், தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கை தளர்ந்து தொங்கும் நிலையில் அளக்க வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பு. கேள்விகளைக் கேட்பது பணியிலுள்ள செவிலியரின் கடமையென வரையறுக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான பணி எவரும் செய்யாத பணியாகிவிடும். நான்கு கேள்விகளும் மூன்று பரிசோதனைகளும் நோயாளிக் குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருப்பின், வெற்றிடமாக விடப்பட்ட கட்டமே நினைவூட்டியாக அமையும்.

மூன்றாவது, மொழி. இந்தி, தமிழ், தெலுங்கு, பஞ்சாபி, நிக்கோபாரி எனப் பல மொழியினர் வாழும் ஊரில், வினா தாயின் மொழியில் சென்றடைய வேண்டும். “குழந்தை சாப்பிடுகிறதா?” என்று கேட்டால் “சாப்பிடுகிறது” என்பதே பெரும்பாலும் விடையாக வரும்; குறைவாக ஊட்டுகிறோம் என்று எந்தத் தாயும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. “நேற்றுக் காலை முதல் என்னென்ன கொடுத்தீர்கள்? எத்தனை கரண்டி? எத்தனை முறை தாய்ப்பால்?” என்று கேட்டால் உண்மை நிலை புலப்படும். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்ற பழமொழியை நம்பி வயிற்றுப்போக்கின்போது பட்டினி போடும் வழக்கம் உள்ள வீடுகளும் உண்டு. பெரியவருக்கு ஒருவேளைப் பட்டினி தாங்கும். சிறு குழந்தைக்கு அது நோயின் மேல் நோயாகும். குறை கூறும் தொனியின்றி இதனை எடுத்துரைக்கச் செவிலியருக்குப் பயிற்சி வேண்டும்.

நான்காவது, அனுப்பும் முடிவு. இடர் மிகுந்த குழந்தையின் பெயர் அன்றைய மாலைக்குள் மருத்துவ அலுவலரின் கவனத்துக்கு வந்தால், அடுத்த கப்பல் அல்லது ஹெலிகாப்டர் பயணத்துக்கு முன்னரே முடிவெடுக்க இயலும். அனுப்பப்படும் குழந்தையுடன் வழியில் ஊட்ட வேண்டிய உணவும், அதன் அளவைக் குறித்த தாளும் செல்ல வேண்டும். நீண்ட கடற்பயணத்தில் உணவின்றிச் சென்ற குழந்தை, பெரிய மருத்துவமனையை அடையும்போது மேலும் நலிந்திருக்கும்.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனை வாசலைக் கடந்ததும் இடர் நீங்கிவிடுவதில்லை. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலுமாக ஆறு நாடுகளின் ஒன்பது மருத்துவமனைகளில், கடும் நோயுடன் சேர்க்கப்பட்ட இரண்டு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆறு மாதம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2022-இல் வெளியாயிற்று. நிகழ்ந்த இறப்புகளுள் ஏறத்தாழ பாதி, குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பின்னரே நிகழ்ந்தன. நோய் தீர்ந்தது என எழுதப்பட்ட தாளை வைத்துக்கொண்டே அக்குழந்தைகள் இறந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்று, மருத்துவமனையையும் அங்கன்வாடியையும் இணைப்பதாகும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், நாட்டின் தொலைவிடங்களிலும் அங்கன்வாடி என்னும் அமைப்பை உருவாக்கியது. 2018-இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்து இயக்கமும் அதனையே அடித்தளமாகக் கொண்டது. வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் தாளிலும் சேர்க்கை எடை, அனுப்பிய நாள் எடை, முன்னாய்வு மதிப்பெண், அடுத்து எடை பார்க்க வேண்டிய நாள் ஆகிய நான்கும் இடம்பெற்று, அதன் படி ஒன்று அங்கன்வாடிப் பணியாளரைச் சென்றடைய வேண்டும். உணவு அறிவுரையும் வீட்டின் வழக்கத்துக்கு இசைந்ததாக இருத்தல் நன்று. தமிழ்க் குடும்பத்துக்குப் பருப்புச் சோற்றில் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஊட்டுமாறு கூறலாம். நிக்கோபாரிக் குடும்பத்துக்கு மீனையும் தேங்காயையும் தாழைப்பழத்தையும் சேர்த்துச் சொல்லலாம். கப்பல் வந்தால்தான் கிடைக்கும் பண்டங்களைப் பரிந்துரைப்பதில் பயனில்லை.

இவ்வகையில் தமிழ்நாட்டின் அனுபவம் வழிகாட்டத்தக்கது. உலக வங்கியின் உதவியுடன் 1980-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகள் மாதந்தோறும் எடையிடப்பட்டனர். எடையின் அளவை மட்டும் நோக்காமல், எடை கூடும் போக்கு தடைப்பட்ட குழந்தையைத் தேர்ந்து, குறித்த காலத்துக்கு மட்டும் துணை உணவு அளிக்கப்பட்டது. முழுதும் மெலிந்த பின்னர் மீட்பதைவிட, சரியத் தொடங்கும்போதே தாங்கிப் பிடிப்பது எளிது என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. மருத்துவமனை முன்னாய்வும் அதே கொள்கையை நோயுற்ற குழந்தைக்குப் பொருத்துவதேயாகும்.

முடிவுரை

தேவையானவை ஒரு நல்ல எடைக் கருவி, உயரம் அளக்கும் பலகை, கைப்பட்டை, அச்சிட்ட கட்டங்கள் கொண்ட ஒரு தாள், செவிலியருக்குச் சிறிது நேரப் பயிற்சி ஆகியவையே. புதிய கட்டடமோ புதிய பதவியோ வேண்டியதில்லை. சுகாதாரத் துறை அலுவலர்கள் மாதாந்திர ஆய்வின்போது இரண்டு எண்களைக் கேட்டறிந்தால் போதும்: சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் எத்தனை பேர் முதல்நாளே முன்னாய்வு செய்யப்பட்டனர்? அவர்களுள் எத்தனை பேர் வந்தபோது இருந்ததைவிடக் குறைந்த எடையுடன் வீடு திரும்பினர்? முதலாவது எண் கூடவும் இரண்டாவது எண் குறையவும் காணின் பணி செம்மையாக நடைபெறுகிறது எனலாம்.

பெரிய நகரத்தில் தவறவிட்ட குழந்தை மறுவாரம் பேருந்தில் திரும்பி வரக்கூடும். கேம்பல் பேயில் அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். அத்தகைய இடத்தில் சேர்க்கை நாளின் சில நிமிடங்கள், பின்னர் எத்தனை நாள் உழைத்தாலும் ஈடுசெய்ய முடியாதவை.